இங்ரி என்றொரு பெயர்

வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைக் கவனிக்கும் பத்திரிகைக்காரனுக்கு ஆட்பெயர்கள் தீராத தொல்லை. செய்தி ஆங்கிலத்தில் வந்து சேரும்; பெயருக்குரிய மொழியோ நமக்குத் தெரியாது. எழுத்தைப் பார்த்து ஒலியை ஊகித்துக்கொள்வோம். 2004 ஜனவரி 21ஆம் திகதி நோர்வேயின் முடிக்குரிய இளவரசருக்கு மகள் பிறந்தாள். நோர்வேயின் அனுசரணையுடன் இங்கே சமாதான முயற்சி நடந்த காலம் அது. அந்நாட்டுச் செய்திக்கு எமது பக்கத்தில் எப்போதும் இடமிருந்தது. 'இங்கிரிட் அலெக்சாண்ட்ரா' என்றெழுதி அச்சுக்கு அனுப்பினேன்.

சில ஆண்டுகளில் அதே பெயர் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே வந்தது. ஒஸ்லோவில் வாழும் என் மருமகள் தன் மூத்த பிள்ளைக்கு அதனையே சூட்டினாள். யாழ்ப்பாணத்திலிருந்த அக்கா உடைந்துபோனார்.

"எங்கட அம்மாவின்ர பேரை வைப்பாள் எண்டெல்லோ இருந்தனான். இதென்ன பேர், தம்பி? கருத்தும் விளங்கேல்லை."

பல மாதங்கள் அக்கா அக்குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்கவேயில்லை. 'பிள்ளை' என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஒருநாள், "நீ பேப்பர்க்காரன்தானே, விசாரிச்சுச் சொல்லு" என்றார். விசாரித்தேன்.

பழைய நோர்ஸ் மொழியில் அது 'இங்கிரிதர்' என்பது போல ஒலித்த பெயர். முற்பகுதியான 'இங்' ஒரு தெய்வத்தின் பெயர். பிற்பகுதி 'அழகு' எனப் பொருள்படும். இங்வி என்றும் பிரேய் என்றும் வழங்கிய அத்தெய்வமே மழைக்கும் வெயிலுக்கும் விளைச்சலுக்கும் அதிபதி. சுவீடனின் தொன்மையான அரசகுலம் அவன் வழித்தோன்றல் என்பது மரபு. உரோம வரலாற்றாசிரியர் டசிட்டஸ் கி.பி. 98இல் ஜேர்மானியக் குலங்களைப் பற்றி எழுதியபோது குறிப்பிட்ட 'இங்கேவோன்கள்' என்ற பெயரிலும் இதே வேரைக் காண்கின்றனர் அறிஞர்கள்.

பின்னர் கிறிஸ்தவம் வந்தது. பழைய தெய்வத்தை மக்கள் கைவிட்டனர், பெயரைக் கைவிடவில்லை. 1281இல் சுவீடனின் ஷெனிங்கே நகரில் டொமினிக்கன் கன்னியர் மடமொன்றை நிறுவிய துறவியின் பெயரும் இங்கிரிட்தான். வயலின் தெய்வத்தைப் பெயரில் சுமந்தபடியே அவர் மறுவருடம் கர்த்தருக்குள் மறைந்தார்.

1910இல் ஸ்டொக்ஹோம் அரண்மனைக் குழந்தையொன்றுக்கு இப்பெயர் சூட்டப்பட்டது. பின்னாளில் டென்மார்க்கின் அரசியானவர் அவர். 1915இல் அதே நகரில் ஒரு புகைப்படக்காரருக்கும் அவருடைய ஜேர்மனிய மனைவிக்கும் பிறந்த மகளுக்கு அந்த இளவரசியின் பெயரை வைத்தனர். அவர்தான் 'கசபிளாங்கா' புகழ் இங்கிரிட் பேர்க்மன். 1978இல் அவரை 'ஒட்டம் சொனாட்டா' படத்தில் இயக்கிய இங்மார் பேர்க்மன் உறவினரல்லர். ஆயினும் 'இங்மார்' என்பதிலும் அந்தப் பழந்தெய்வமே குடியிருக்கிறான்.

ஜேர்மனியில் 1930களிலும் 40களிலும் வட நாட்டுப் பெயர்கள் பெருவழக்காக இருந்தபோது எண்ணற்ற பெண்குழந்தைகள் இங்கிரிட் ஆயினர். இன்று அங்கே அது பாட்டிமாரின் பெயர். நோர்வேயிலோ 1990களில் குழந்தைகளுக்கு அதிகம் சூட்டப்பட்ட பெயர்களுள் ஒன்று. 2004இல் பிறந்த இளவரசிக்கு அடுத்த ஆண்டே தம்பி பிறந்தான். எனினும் 1990ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி மூத்தவளான அவளுக்கே முடியுரிமை முந்தியது.

இவற்றையெல்லாம் தொலைபேசியில் சொல்லி முடித்தேன். அக்கா அரசிகளையும் நடிகையையும் பொருட்படுத்தவில்லை.

"மழைக்கும் விளைச்சலுக்கும் உரிய சாமியோ? வயல் செய்த குடும்பத்துப் பிள்ளைக்கு அது பொருத்தம்தான்" என்றார். சற்றுப் பொறுத்து, "எண்டாலும் அம்மாவின்ர பேர் எங்களோட முடிஞ்சிடும்" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. இன்றுமில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா முதன்முறையாகப் பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்: "இங்ரி!" தாய் வீட்டில் அழைப்பதைக் காதால் கேட்டபடியே சொன்னார். ஈற்றிலே 'ட்' வரவேண்டுமென நான் திருத்தினேன். மருமகள் சிரித்துவிட்டாள்.

"அம்மா சொல்லுறதுதான் சரி, மாமா. இஞ்ச நோர்வேக்காரர் கடைசி எழுத்தை உச்சரிக்கிறதில்லை."

2004இல் நான் அச்சிட்டதற்குத் திருத்தம் வெளியிடக் காலம் கடந்துவிட்டது. இங்கே பதிவு செய்கிறேன்.