சூடு எங்கிருந்து வருகிறது

அப்பா அமெரிக்கா வந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அதில் பதினேழு நாளை ஃபீனிக்ஸ் வீட்டு ஹாலில், திரை போட்ட ஜன்னலுக்குப் பக்கத்து நாற்காலியில் கழித்தார். ஜூன் மாதம், வெளியே 43 டிகிரி. அம்மா போய் ஒரு வருஷம் முடிந்திருந்தது. கேட்டால் பதில் சொல்வார், சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். அவ்வளவுதான்.

கிராண்ட் கேன்யன் போகலாம் என்று முடிவு செய்தது நான்தான். நானும் ஒரு நண்பனும் பாதிப் பாதி பணம் போட்டு ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கியிருந்தோம். 2001 மாடல், ஃபோர்டு எஃப்-53 சேஸிஸ், 6.8 லிட்டர் வி-10 எஞ்சின். முன்பக்கம் பார்த்தால் பஸ், உள்ளே போனால் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு.

அப்பா நாகர்கோவில் ராணித்தோட்டம் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். வண்டிக்குள் ஏறியவர் கட்டிலைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்க்கவில்லை. இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் மேடு மாதிரி இருந்த எஞ்சின் மூடியைத் தட்டிப் பார்த்தார்.

"நம்ம பழைய பஸ்ஸு மாதிரியே பானெட்டு உள்ளயா இருக்கு?"

பதினெட்டு நாளில் அவராக ஆரம்பித்த முதல் பேச்சு அது.

இந்த மாதிரி வண்டிகளில் ஏசி இரண்டு வகை. கூரையில் இருப்பது வீட்டு ஏசி மாதிரி, ஜெனரேட்டரில் ஓடும். டேஷ்போர்டில் இருப்பது கார் ஏசி, எஞ்சின் சுற்றினால்தான் ஓடும். எங்கள் ஜெனரேட்டர் முந்தின வாரமே ஸ்டார்ட் ஆகாமல் படுத்துவிட்டது. டேஷ் ஏசி போதும் என்று நினைத்தேன். சீட்டுகளுக்குப் பின்னால் ஒரு திரையைத் தொங்கவிட்டால் முன்பகுதி மட்டுமாவது குளிரும். முந்தின நாள் ஓட்டிப் பார்த்தபோது காற்று கொஞ்சம் சுமாராகத்தான் வந்தது. கேஸ் குறைந்திருக்கும் என்று கடையில் ஆர்-134ஏ கேன் இரண்டு வாங்கி, ஒன்றில் பாதியை ஏற்றினேன். லேசாகத் தேவலை போல இருந்தது. இருந்ததா, அல்லது நான் அப்படி நினைத்துக்கொண்டேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

ஐ-17 நெடுஞ்சாலையில் பிளாக் கேன்யன் சிட்டி தாண்டியதும் மலை ஏற்றம். ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த, முகத்துக்கு நேரே வந்த காற்று நின்று, கண்ணாடிப் பக்கம் ஸ் என்று போக ஆரம்பித்தது. ஏற்றம் கொஞ்சம் தணிந்தால் திரும்பவும் முகத்துக்கு வரும். பழைய வண்டி, ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன். வேலையில் என் ஜூனியர் யாராவது லாகில் இப்படி ஒரு வரியைப் பார்த்துவிட்டுக் கடந்து போயிருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

அரை மணி நேரத்தில் வந்ததெல்லாம் வெறும் சூடான காற்று. அத்தனை பெரிய முன்கண்ணாடி வழியாக வெயில் மடியில் விழுந்தது. அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வயது 71. அவருடைய பிபி மாத்திரையில் நீரை வெளியேற்றும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு வெயிலில் உடம்பு சீக்கிரம் வறண்டுபோகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"தலை சுத்துதாப்பா?"

"இல்ல."

அந்த 'இல்ல'வை நம்பமுடியாது. அம்மா கடைசி நாட்களில் எப்படி இருக்கிறாள் என்று போனில் கேட்டபோதும் 'ஒண்ணும் இல்ல' என்றுதான் சொன்னார். நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

சன்செட் பாயிண்ட் ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தினேன். அவரை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு முன்மூடியைத் திறந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கம்ப்ரஸரின் கிளட்ச் சுற்றியது. கேனோடு வந்த அளவுமானியை மாட்டினால் முள் பச்சைப் பகுதியில் நின்றது. சரியான அளவு என்று அர்த்தம். ஆனாலும் மிச்சக் கேஸையும் ஏற்றிவிடலாம் என்று கேனைத் திருகப் போனேன்.

"நிறுத்து மக்கா."

பின்னால் வந்து நின்றிருந்தார்.

"மீட்டர் சரின்னு சொல்லுதுல்லா? பொறவு என்னத்துக்கு ஊத்துத?"

பதில் இல்லை. அளவுக்கு மேல் கேஸ் ஏறினாலும் ஏசி குளிராது, கம்ப்ரஸரும் கெடும். எனக்கு இது தெரியும். ஆனால் கையில் இருந்தது கேன் மட்டும்தான்.

அப்பா ஏசி வண்டியில் கைவைத்ததே இல்லை. அவர் காலத்து டிப்போ பஸ்களில் ஏசி ஏது? பைப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தடுப்புச் சுவருக்குள்ளிருந்து வரும் தடித்த அலுமினியப் பைப்பைத் தொட்டார். என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். சில்லென்று இருந்தது. நாகர்கோவிலாக இருந்திருந்தால் அந்தப் பைப்பில் தண்ணீர் கோத்துச் சொட்டியிருக்கும், பார்த்ததுமே தெரிந்திருக்கும். அரிசோனாவின் காய்ந்த காற்றில் ஒரு சொட்டுகூட இல்லை. நான் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குளிரு வந்துட்டுத்தான் இருக்கு. உள்ளதான் எங்கயோ சூடாவுது."

பக்கத்தில் இரண்டு ரப்பர் ஹோஸ்கள் உள்ளே போயின. துண்டைச் சுற்றி இரண்டையும் தொட்டுப் பார்த்தார். "ரெண்டும் கொதிக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரே பெட்டிக்குள்தான் ஏசியின் குளிர்ச்சுருளும் ஹீட்டரின் சிறு ரேடியேட்டரும் இருக்கின்றன. ஹீட்டருக்குள் ஓடுவது எஞ்சினைச் சுற்றி வரும் 90 டிகிரித் தண்ணீர். ஏசி போட்டால் ஒரு வால்வு மூடிக்கொண்டு அந்தத் தண்ணீரை நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை. காற்று ஒரு சுருளில் குளிர்ந்து, அடுத்ததில் திரும்பச் சூடாகி வெளியே வந்துகொண்டிருந்தது. ஏசி காலையிலிருந்து ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறது. அதைத்தான் நான் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன்.

வால்விலிருந்து கிளம்பிய மெல்லிய கறுப்பு டியூபை அப்பா விரலால் தடவிக்கொண்டே போனார். பிளாஸ்டிக் இணைப்பில் மாட்டியிருந்த இடத்தில் அது காய்ந்து வெடித்திருந்தது.

"இது வாக்குவம் லைனுதானே?"

போனில் வைத்திருந்த மேனுவலைப் பார்த்தேன். அதுவேதான். எஞ்சின் உறிஞ்சும் வாக்குவம்தான் வால்வை இழுத்து மூடுகிறது, காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சினில் வாக்குவம் குறையும். இருக்கிற கொஞ்சமும் வெடிப்பு வழியாகப் போய்விட்டால் வால்வு திறந்துகொள்ளும், காற்று கண்ணாடிப் பக்கம் திரும்பும். இதை வேண்டுமென்றேதான் அப்படி அமைத்திருக்கிறார்கள். பனியில் ஏதாவது பழுதானாலும் கண்ணாடியில் பனிமூட்டம் பிடித்து ஓட்டுகிறவருக்குப் பாதை மறைந்துவிடக் கூடாது. ஃபெயில்-சேஃப். பாலைவனத்தில் அதுவே நம்மை வேகவைக்கிறது.

எஞ்சினை அணைத்து, ஹோஸ் ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு ஹீட்டருக்குப் போகும் ஹோஸைப் பழைய துணியால் சுற்றி, ரப்பர் வெட்டுப்படாமல் கிரிப் பிளையரால் நெரித்துப் பூட்டினார். ஸ்டார்ட் செய்தேன். சமையல் தெர்மாமீட்டரை ஏசித் துளையில் செருகிவைத்திருந்தேன். 38 காட்டியது இறங்க ஆரம்பித்தது. 30, 24, 19. கடைசியில் 15-ல் நின்றது. அப்பா இரண்டு உள்ளங்கைகளையும் துளைக்கு முன்னால் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ராத்திரி ஃபிளாக்ஸ்டாஃபில் பைன் மரங்களுக்கு அடியில் தங்கினோம். 2,100 மீட்டர் உயரம், ஜூனிலும் ராத்திரி குளிரும். வெளியே நாற்காலி போட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கிணற்றடியில் அவள் வைத்த பிச்சிக்கொடி, ஓட்டு வீட்டில் மழைக்கு முன்னால் அவள் ஏற்றிவைக்கும் நெல் மூட்டை. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"நீ போன்ல நல்லாத்தான் பேசுத மக்கா. மாத்திரை போட்டாச்சான்னு கேக்குத, சாப்பாடு கேக்குத. கடைசில வீட்டை விக்கதப் பத்திக் கேட்டுருத."

ஒரு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அவர் பேச்சு குறையக் குறைய நான் இன்னும் அதிகமாகக் கூப்பிட்டேன். பணம் அனுப்பினேன், சமையலுக்கு ஆள் வைத்தேன், படுக்கையறைக்கு ஏசி வாங்கிப் போட்டேன். ஒவ்வொரு போனையும் "வீட்ட வித்துட்டு இங்க வந்துருங்கப்பா" என்று சொல்லித்தான் வைத்தேன். அம்மா இருந்த இடம் அவருக்கு அந்த வீடு ஒன்றுதான். நான் அதை ஒரு சொத்து விவகாரமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இனிமே கேக்க மாட்டேன்ப்பா."

"ம்."

அவர் ஊர் திரும்பி நான்கு மாதம் ஆகிறது. தனியாகத்தான் இருக்கிறார், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பயம் போகவில்லை. வீட்டைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. போன ஞாயிறு நாற்பது நிமிஷம் பேசினார். மழைக்கு முன்னால் ஓடு மாற்றினாராம், பதினேழு ஓடு உடைந்திருந்ததாம். வைக்கப் போகும்போது கேட்டார்:

"அந்த டியூபை மாத்தினியா, இல்ல இன்னும் பிளையரப் போட்டே ஓட்டுதியா?"

"மாத்திட்டேன்ப்பா. பத்து டாலர்கூட ஆகல."

"பிளையர எடுத்து வண்டியிலயே வையி," என்றார். "குளிர்காலத்துல ஹீட்டர் வேணும்லா, மறந்து அதுலயே விட்றாத."