ஐந்து பேரின் கணக்கு

கூடைப்பந்தாட்டப் போட்டி முடிந்ததும் ஸ்கோர் சீட்டைப் பார்த்தால் யார் எத்தனை புள்ளி எடுத்தார், யாருக்கு எத்தனை ஃபவுல் என்று தெரிந்துவிடும். ஒரு பிள்ளை களத்தில் நின்ற நேரத்தில் அணி முன்னுக்குப் போனதா, பின்னுக்குப் போனதா என்பது மட்டும் அதில் தெரியாது. அதைச் சொல்ல வந்த எண்தான் பிளஸ்-மைனஸ். கணக்கு மிகச் சுலபம். ஒருவர் உள்ளே நிற்கும்போது நம் அணி 14 புள்ளியும் எதிரணி 9 புள்ளியும் எடுத்தால் அவருக்கு +5. கூடைக்குள் போட்டது யார், பாஸ் கொடுத்தது யார் என்ற கேள்வியே கிடையாது. உள்ளே நின்ற ஐவருக்கும் அதே +5 தான்.

மாத்தளையில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பொறுப்பாசிரியையும் நான்தான். போட்டிகளில் இந்தக் கணக்கை எழுதுவதும் அதை வைத்து அணியைப் பற்றி யோசிப்பதும் எனக்கு மிகவும் பிடித்த வேலை. பாடசாலை அணிகளுக்கு இது பெரிதும் பயன்படும் என்று நம்புகிறேன். ஆனால் தவறாக வாசித்தால் ஒரு பிள்ளையை வீணாக ஒதுக்கிவிடவும் கூடும். இரண்டையும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் மாவட்டத்தில் விளையாட்டுக் கணக்கு என்றாலே கிரிக்கெட்தான். தம்புள்ளை ரங்கிரி மைதானத்தில் 2001 மார்ச்சில் முதல் சர்வதேச ஒருநாள் போட்டி நடந்தது. இன்று அங்கே போய்வரும் சின்னப் பையனுக்கும் சராசரி, ஸ்ட்ரைக் ரேட் எல்லாம் அத்துப்படி. கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்தும் ஒரு பந்துவீச்சாளருக்கும் ஒரு துடுப்பாட்ட வீரருக்கும் இடையிலான விவகாரம் என்பதால் கணக்கைப் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் பிரித்து எழுதிவிடலாம். கூடைப்பந்தில் அது நடக்காது. ஒருத்தி ஸ்க்ரீன் போட்டு வழியை மறிக்கிறாள், இன்னொருத்தி ஓரத்துக்கு ஓடித் தன்னைக் காப்பவளை இழுத்துக்கொண்டு போகிறாள், மூன்றாமவள் பாஸ் கொடுக்கிறாள், நான்காமவள் கூடைக்குள் போடுகிறாள். ஸ்கோர் சீட்டில் ஏறுவது நான்காமவளின் இலக்கம் மட்டும். எல்கடுவ, ரத்தோட்டைப் பக்கத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும்போது ஒவ்வொருவர் கொழுந்தும் தனியாகத் தராசில் ஏறும். கூடைப்பந்தில் ஐந்து பேரும் ஒரே கூடையில் கொழுந்து போடுகிறார்கள். மொத்த நிறைதான் நமக்குத் தெரியும்.

அந்த மொத்த நிறையை நேர்மையாகச் சொல்வதுதான் பிளஸ்-மைனஸின் பெருமை. இது முதலில் ஐஸ் ஹாக்கியில் வந்தது. 1950களில் மொன்றியல் கனடியன்ஸ் அணி தன் வீரர்களுக்கு இப்படிக் கணக்கு வைத்தது. 1967-68 பருவத்திலிருந்து வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் அதை அதிகாரபூர்வமாகப் பதிவு செய்தது. என்பிஏ கூடைப்பந்தில் 2007-08 பருவத்தில்தான் போட்டிக் குறிப்பில் இதற்கென்று ஒரு நிரல் சேர்ந்தது. இன்று சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் போட்டி அறிக்கைகளிலும் கடைசி நிரல்களில் இதைக் காணலாம்.

நமக்குக் கணினி தேவையில்லை. ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியும் பென்சிலும் ஆட்டத்திலிருந்து கண் எடுக்காத ஒரு மாணவியும் போதும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஒரு வரி எழுத வேண்டும்: எந்தக் கால்பகுதி, கடிகாரத்தில் எத்தனை நிமிடம் மீதி, அப்போது ஸ்கோர் என்ன, உள்ளே நிற்கும் ஐந்து இலக்கங்கள் எவை. இரண்டு வரிகளுக்கு நடுவே நடந்ததை நாங்கள் ‘துண்டு’ என்போம். வரிக்கு வரி ஸ்கோர் வித்தியாசத்தைக் கழித்தால் அந்தத் துண்டின் பிளஸ்-மைனஸ் வந்துவிடும்.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். நம் 6ஆம் இலக்கம் ஃபவுல் செய்கிறாள். ஃப்ரீ த்ரோ எறிவதற்கு முன் அவளை வெளியே எடுத்து 9ஐ உள்ளே விடுகிறோம். எதிரணி இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டுவிடுகிறது. அந்த இரண்டு புள்ளி யார் கணக்கில்? ஃபவுல் நடந்த நேரத்தில் உள்ளே நின்றவர்களின் கணக்கில்தான் சேர வேண்டும். 9 அப்போதுதான் காலடி வைத்தாள். அவளுக்கும் அந்தப் புள்ளிகளுக்கும் சம்பந்தமில்லை. கொப்பி எழுதும் பிள்ளைக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.

சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. ஆடிய எல்லோருடைய பிளஸ்-மைனஸையும் கூட்டினால் இறுதி வித்தியாசத்தின் ஐந்து மடங்கு வர வேண்டும். ஆறு புள்ளியில் வென்றால் கூட்டுத்தொகை +30. வராவிட்டால் எங்கோ ஒரு மாற்றம் எழுதப்படாமல் போயிருக்கிறது.

இனி, இந்த எண்ணை எப்படி வாசிப்பது? ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 4, 5, 6, 7, 8 என்று ஐவருடன் தொடங்குகிறோம். முதல் நான்கு நிமிடங்களில் ஸ்கோர் 8-3. 6க்குப் பதில் 9 உள்ளே வருகிறாள். கால்பகுதி முடியும்போது 10-9. இப்போது 6க்கு +5, 9க்கு −4. 9ஆம் இலக்கம்தான் அணியைக் கவிழ்த்தாள் என்று கரையில் நிற்கும் எவரும் சொல்லிவிடுவார்கள். கொப்பியில் ‘குறிப்பு’ என்று ஒரு நிரல் இருந்தால் கதை வேறாகத் தெரியும். அந்த இரண்டாம் துண்டில்தான் எதிரணியின் உயரமான சென்டர் உள்ளே வந்தாள். நம் 7க்கு ஏற்கெனவே இரண்டு ஃபவுல் என்பதால் அவள் கை நீட்டப் பயந்து பின்வாங்கி நின்றாள். 9 தன் ஆளைச் சரியாகவே காத்தாள். −4 பொய்யல்ல, அந்த ஆறு நிமிடத்தில் அந்த ஐவரும் நான்கு புள்ளி இழந்தது நிஜம். அதை 9இன் தலையில் மட்டும் கட்டுவதுதான் பொய்.

இதே எண் சில பிள்ளைகளுக்கு நியாயமும் வாங்கித் தரும். எந்த அணியிலும் ஒருத்தி இருப்பாள்: போட்டிக்கு இரண்டு புள்ளி, மூன்று ரீபவுண்ட். வீட்டாருக்குக் காட்ட ஸ்கோர் சீட்டில் எதுவும் இருக்காது. ஆனால் எதிரணி எறியும் நேரம் எல்லோரும் பந்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் திரும்பித் தன் ஆளை முதுகால் தள்ளி வெளியே வைத்திருப்பாள். பந்து கீழே வரும்போது ரீபவுண்ட் இன்னொருத்தி கைக்குப் போகும். தோழி தன் ஆளைத் தவறவிட்டால் ஓரடி முன்னே வந்து வழியை அடைப்பாள். அப்படிப்பட்டவளின் பெயருக்கு எதிரே போட்டிக்குப் போட்டி பிளஸ் விழுந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும். உலகக் கூடைப்பந்தில் இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம் ஹூஸ்டன் ரொக்கட்ஸ் அணிக்கு ஆடிய ஷேன் பட்டியர். அவருடைய வழமையான புள்ளிவிவரங்கள் சாதாரணம். ஆனால் அவர் உள்ளே நின்றபோது அணி மேலே போனது. 2009இல் மைக்கேல் லூயிஸ் நியூயோர்க் டைம்ஸ் சஞ்சிகையில் அவரைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த எண்ணை நிபுணர் அல்லாதவர்களும் கவனிக்கத் தொடங்கினார்கள்.

இந்த எண்ணுக்கு மூன்று பெரிய குறைகள் உண்டு. முதலாவது, கூட நிற்பவர்கள். சிறந்த பாயின்ட் கார்டுடன் எப்போதும் சேர்ந்தே ஆடுபவளுக்கு அவளுடைய பிளஸும் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, எதிரே நிற்பவர்கள். 25 புள்ளி முன்னால் இருக்கும்போது கடைசி ஐந்து நிமிடத்துக்கு இறங்கும் சின்னப் பிள்ளைகளின் எண்ணையும் முதல் கால்பகுதியில் எதிரணியின் சிறந்த ஐவரைச் சந்தித்தவர்களின் எண்ணையும் ஒரே வரிசையில் வைக்கக் கூடாது. நான் அந்தக் கடைசித் துண்டுகளுக்கு மேலே ஒரு கோடு இழுத்துத் தனியாகக் கூட்டுவேன்.

முதலாவது குறையை நம்மவர் ஒருவரை வைத்தே விளக்கலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் 2019இல் லிவர்பூலில் நடந்த வலைப்பந்தாட்ட உலகக் கிண்ணத்தில் மற்றெல்லோரையும் விட அதிக கோல் போட்டார். இலங்கை அணி 16 அணிகளில் 15ஆவது இடத்தில் முடித்தது. தோல்விகள் நிறைந்த அத்தகைய தொடரில் பிளஸ்-மைனஸ் எழுதினால், நெடுநேரம் களத்தில் நின்ற எவருக்கும் பெரிய மைனஸ்தான் விழும். அதை வைத்து அவரை எடைபோட முடியுமா? அவர் உள்ளே இருந்தபோது எவ்வளவு, வெளியே இருந்தபோது எவ்வளவு என்ற வித்தியாசத்தையாவது பார்க்க வேண்டும். அந்த வித்தியாசமும் அவர் எவ்வளவு நேரம் வெளியே இருந்தார் என்பதைப் பொறுத்தது. வெளியே வராதவருக்கு ஒப்பிட ஒன்றுமே இருக்காது.

மூன்றாவது குறை தற்செயல். கணித ஆசிரியையாக என்னை மிகவும் எச்சரிக்கும் விடயம் இதுதான். 40 நிமிடப் போட்டியில் ஒவ்வோர் அணியின் கைக்கும் ஏறத்தாழ 70 தடவை பந்து வரும் என்று வைப்போம். பாதி நேரம் ஆடும் ஒருத்தி இரண்டு பக்கமும் சேர்த்து 70 முயற்சிகளுக்கு உள்ளே நிற்கிறாள். ஒவ்வொரு முயற்சியும் பூச்சியம், இரண்டு, எப்போதாவது மூன்று. ஒரு முயற்சியின் நியம விலகல் ஏறத்தாழ ஒரு புள்ளி. 70இன் வர்க்கமூலம் எட்டுக்குச் சற்று மேல். அதாவது, அணியை மேலே தள்ளாமலும் கீழே இழுக்காமலும் சராசரியாக ஆடும் ஒருத்திக்கு ஒரே போட்டியில் +8 விழுவதும் −8 விழுவதும் மிகச் சாதாரணம். பத்துப் போட்டிகளின் சராசரி எடுத்தாலும் இரண்டரைப் புள்ளி அளவுக்குத் தற்செயல் ஒட்டியிருக்கும். வலயப் போட்டி, மாகாணப் போட்டி, சில சிநேகபூர்வ ஆட்டங்கள் என்று ஓர் ஆண்டை முடிக்கும் பாடசாலை அணிக்கு இதைவிடப் பெரிய மாதிரி கிடைப்பது அரிது. ஒரு போட்டியின் −8ஐ வைத்து ஒரு பிள்ளையை நிறுத்துவது நாணயம் சுண்டி முடிவெடுப்பதற்குப் பக்கத்தில் வந்துவிடும்.

இந்தக் குறைகளைச் சரிசெய்ய அறிஞர்கள் முயன்றிருக்கிறார்கள். வெய்ன் வின்ஸ்டனும் ஜெஃப் சகரினும் டலஸ் மேவரிக்ஸ் அணிக்காக ஒரு முறை வகுத்தார்கள். 2004இல் டான் ரோசன்பாம் அதையொத்த முறையொன்றைப் பொதுவில் விளக்கினார். சாரம் நம் சாதாரண தர ஒருங்கமை சமன்பாடுதான். ஒவ்வொரு துண்டும் ஒரு சமன்பாடு. ஒவ்வொரு வீரரின் பங்களிப்பும் ஒரு தெரியாக் கணியம். ஆயிரக்கணக்கான துண்டுகளைச் சேர்த்துத் தீர்த்தால் கூட நின்றவர், எதிரே நின்றவர் ஆகியோரின் பங்கைக் கழித்துவிடலாம். 2010இல் ஜோ சில் இதை மேலும் திருத்தி, ஆதாரம் குறைந்தவரின் மதிப்பைப் பூச்சியத்தை நோக்கி இழுத்து வைக்கும் வழியைக் காட்டினார். பாடசாலை அணிக்கு இந்தச் சமன்பாடுகள் கைகொடுக்கா. 4உம் 5உம் எப்போதும் சேர்ந்தே இறங்கிச் சேர்ந்தே வெளியேறினால் எந்தக் கணிதத்தாலும் அவர்களைப் பிரிக்க முடியாது. சிலின் பாடம் மட்டும் நமக்கு நேராகப் பொருந்தும்: ஆதாரம் குறைவாக இருந்தால் அபிப்பிராயத்தையும் சிறிதாக வைத்துக்கொள்.

அப்படியானால் எதற்கு இந்தக் கொப்பி? தனி ஆளை விடக் கூட்டணியை யோசிக்கத்தான். 12 பேர் கொண்ட அணியிலிருந்து ஐவரைத் தெரிவு செய்ய 792 வழிகள் உண்டு. நாம் ஆண்டு முழுவதும் களமிறக்குவது விரல் விட்டு எண்ணக்கூடிய சிலவற்றைத்தான், அதுவும் பழக்கத்தால். 2011 என்பிஏ இறுதித் தொடரில் மயாமி 2-1 என்று முன்னால் நின்றபோது, டலஸ் பயிற்றுவிப்பாளர் ரிக் கார்லைல் நான்காவது போட்டியின் தொடக்க ஐவரில் உயரம் குறைந்த ஹோசே பரேயாவைச் சேர்த்தார். அடுத்த மூன்று போட்டிகளையும் டலஸ் வென்று கிண்ணத்தை எடுத்தது. ஒரே மாற்றத்தால் எல்லாம் நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐவரின் வரிசை கல்லில் செதுக்கியதல்ல என்பதற்கு அது நல்ல சாட்சி.

கொப்பியில் நான் முதலில் தேடுவது இரட்டையர்களை. இரண்டு உயரமான பிள்ளைகளையும் ஒன்றாக விட்டபோது எப்படி, ஒருத்தியை மட்டும் விட்டபோது எப்படி? பந்தை நன்கு கையாளும் இருவரும் சேர்ந்து நின்றபோது பந்தைப் பறிகொடுப்பது குறைந்ததா? ஐவர் கூட்டணி ஒன்றுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும் இடத்தில் ஒரு சோடிக்கு ஐம்பது நிமிடம் கிடைக்கும். எண் சற்று நம்பகமாகும். அதன் பிறகும் எண்ணை முடிவாக எடுப்பதில்லை. எந்தத் துண்டில் அது நடந்தது என்று போய், அன்று என்ன கண்டோம் என்பதைப் பிள்ளைகளுடன் பேசுகிறோம். உக்குவளைக்கும் ரத்தோட்டைக்கும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகளுடன், ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளிக் களம் நனைந்து கிடக்கும் மாதங்களில், பயிற்சிக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அதில் எதைப் பயிற்றுவது என்று தெரிவு செய்யக் கொப்பி உதவுகிறது.

ஒரு விடயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தனிப் பிள்ளைகளின் பிளஸ்-மைனஸை அறிவித்தல் பலகையில் ஒட்டுவதில்லை, அணியின் முன் வாசிப்பதுமில்லை. கொப்பியை எட்டிப் பார்த்த ஒரு மாணவி, “டீச்சர், நான் உள்ளுக்குப் போனா நாம பின்னுக்குப் போறோமா?” என்று கேட்டாள். பதினைந்து வயதுப் பிள்ளை அந்தக் கேள்வியை வீட்டுக்குச் சுமந்து போகக் கூடாது. அவளை உட்கார வைத்து அந்தத் துண்டில் நின்ற மற்ற நால்வரின் இலக்கங்களையும் எதிரணியின் ஐவரையும் காட்டினேன். “இது உன்னுடைய மார்க்ஸ் இல்லை. ஐந்து பேரும் சேர்ந்து எழுதின விடை” என்றேன். அவள் அடுத்துக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது: “அப்ப அந்த நேரம் நாங்க அஞ்சு பேரும் எங்க நின்டோம் டீச்சர்?” பயிற்சி அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பாடசாலை அணிகளை வைத்திருக்கும் ஆசிரியர்களிடமும் பயிற்றுவிப்பாளர்களிடமும் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த போட்டியிலிருந்து மாற்றங்களை எழுதுங்கள்: நேரம், ஸ்கோர், ஐந்து இலக்கங்கள், ஒரு வரிக் குறிப்பு. அந்தப் பொறுப்பை அன்று ஆட வாய்ப்புக் கிடைக்காத பிள்ளையிடம் கொடுங்கள். அவளைப் போல ஆட்டத்தைக் கற்பவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். ஆண்டு முடிவில் கூட்டிப் பாருங்கள். யாரை நிறுத்துவது என்று அந்தக் கொப்பியைக் கேட்காதீர்கள். யாரை யாருடன் சேர்த்துப் பார்க்கவே இல்லை என்று கேளுங்கள்.