வெள்ளை மலையும் கறுப்புக் கண்ணாடியும்



ஆண்டு மலருக்கு என்ன எழுதலாம் என்று கேட்டபோது, "மணாலி டூரைப் பத்தி எழுதுலே, எல்லாரும் ரசிச்சுப் படிப்பாவ" என்றார்கள் நம் மாணவர் பேரவை நண்பர்கள். எழுதுகிறேன். ஆனால் ஒரு வேண்டுகோள்... ஜாலியான பகுதியை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் சொல்ல வந்த விஷயம் பின்னால்தான் இருக்கிறது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். ஊர் முத்தையாபுரம். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா லாரியில் மூட்டை ஏற்றி இறக்குபவர். அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை. இருபது வருஷத்துக்கு மேலாக வாறுபலகை பிடித்துக் காய்த்துப்போன கை அது. வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு எங்கள் தூத்துக்குடி மாவட்டத்து உப்பு. பாத்தியில் விட்ட உவர்நீர் வெயிலில் காய்ந்து உப்பு படிந்ததும், அதை வாறிச் சேர்த்துத் தட்டுமேட்டில் அம்பாரமாகக் குவிப்பார்கள். வெயில் அடித்தால்தான் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அளம் மூடிக் கிடக்கும். அந்த மாதங்களில் எங்கள் தெருவில் அடுப்பு எரிவதே கடன் வாங்கித்தான்.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, பெயருக்கு 'ஐ.வி.' என்றும் உண்மையில் டூர் என்றும் நம்மால் அழைக்கப்படும் அந்த டெல்லி-மணாலி பயணத்துக்கு 2023 நவம்பரில் பணம் கட்டினேன். பாதி, நான் ஞாயிற்றுக்கிழமைகளில் லேத் பட்டறையில் வேலை பார்த்துச் சேர்த்தது. மீதி, அம்மா மகளிர் குழுவில் எடுத்துத் தந்தது. அடுத்த மாதமே, டிசம்பர் 17, 18 தேதிகளில் பேய்மழை! காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். உப்பளங்கள் கடலாகிவிட்டன. குவித்து வைத்திருந்த அம்பாரம் கரைந்தது, பாத்தி வரப்பு உடைந்தது. எங்கள் வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு தண்ணீர்.

"டூருக்குப் போகல" என்று அம்மாவிடம் சொன்னேன்.

"ஏல, கெட்டுன பணத்தத் திருப்பித் தருவாவளா?"

"தரமாட்டாவம்மா."

"பொறவு என்ன? போயிட்டு வா. நம்ம வீட்டுல ஒருத்தனாவது திருநெல்வேலிக்கு அங்கிட்டுப் பாக்கட்டும்."

அப்படித்தான் 2024 பிப்ரவரியில் திருநெல்வேலியில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறினேன். ரயிலில் இரண்டு ராத்திரி கழிந்து டெல்லி; அங்கிருந்து இன்னொரு ராத்திரி பஸ்; விடிந்தால் மணாலி. குளிர் என்றால் மார்கழிக் குளிர்தான் நமக்குத் தெரியும். அங்கே பல் துலக்கும் தண்ணீர் பல்லைப் பிடுங்கியது!

மணாலிக்கு மேலே பதினான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது சோலாங் பள்ளத்தாக்கு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,500 மீட்டர் உயரம். நாங்கள் போய்ச் சேர்ந்த ராத்திரி முழுக்கப் பனி விழுந்தது. காலையில் கதவைத் திறந்தால் மரம், கூரை, நிறுத்தியிருந்த கார் எல்லாவற்றின் மேலும் முழம் உயரத்துக்கு வெள்ளை! எங்கள் பஸ் மேலே ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். சக்கரத்தில் சங்கிலி கட்டிய ஜீப்புகளில் பிரிந்து ஏறினோம். வழி நெடுக வாகன வரிசை. பங்குனி உத்திரத்தில் திருச்செந்தூர் ரோடு எப்படி இருக்கும்? அப்படி!

சோலாங்கில் கூட்டமோ கூட்டம். ஒரு பக்கம் டயரில் உட்கார்ந்து சறுக்குகிறார்கள். ஒரு பக்கம் யாக் மாட்டின் மேல் ஏறி போட்டோ. நடுவில் மேகி கடை, வேகவைத்த சோளம். வாடகைக் கோட்டும் கம்பூட்டும் மாட்டியதில் எங்கள் வகுப்பில் யார் யார் என்றே அடையாளம் தெரியவில்லை. பனிச்சறுக்குக் கட்டைக்கு ஒரு மணி நேர வாடகை ஆயிரம் ரூபாய் என்றார்கள். எங்கள் செட்டில் பம்பாயில் வளர்ந்த ஒருவன் இருந்தான். அவன் இந்தியில் பேசிப் பேசி, கட்டை, பூட்ஸ், கண்ணாடி, சொல்லித்தர ஒரு வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஐந்நூறுக்கு முடித்தான்.

வழிகாட்டிக்கு எங்கள் அப்பா வயது இருக்கும். அன்று விழுந்திருந்த புதுப்பனியை 'பவுடர்' என்றார். உண்மையிலேயே முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரிதான் இருந்தது. கையில் அள்ளி ஊதினால் பறக்கிறது! புதுப்பனியின் கன அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர், மற்றதெல்லாம் காற்று. அதனால்தான் பூட்ஸோடு கால் வைத்தால் முழங்கால் வரை புதைகிறது. அதே ஆள் கட்டையை மாட்டிக்கொண்டால் மேலேயே நிற்கிறான். எப்படி? முதலாம் ஆண்டில் படித்தோமே, அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. இரண்டு காலடியின் பரப்பு சுமார் 400 சதுர சென்டிமீட்டர். இரண்டு கட்டையின் பரப்போ ஐந்தாறு மடங்கு. எடை மாறவில்லை, அழுத்தம் மட்டும் குறைந்துவிட்டது. பரீட்சைக்காக உருப்போட்ட சூத்திரத்தின் மேல் அன்றைக்கு நான் ஏறியே நின்றேன்!

முழங்காலை மடக்கு, உடம்பை முன்னால் சாய், கட்டைகளின் முன்முனையைச் சேர்த்துப் பின்முனையை விரி... அதுதான் பிரேக். இவ்வளவுதான் பாடம். எங்கள் ஆட்கள் சொத்துச் சொத்தென்று விழுந்தார்கள். பவுடரில் விழுந்தால் பஞ்சு மெத்தையில் விழுந்த மாதிரிதான், ஒருத்தருக்கும் காயமில்லை. எனக்கு மட்டும் மூன்றாவது முறையிலேயே பிடிபட்டுவிட்டது. வழிகாட்டி ஆச்சரியப்பட்டார். எனக்கு ஆச்சரியமில்லை. சின்ன வயசிலிருந்து பள்ளிக்கூட லீவில் அம்மாவுக்குக் கஞ்சி கொண்டு போனவன் நான். உப்பளத்து ஈரக் களிமண் வரப்பில் தூக்குச்சட்டியோடு வழுக்காமல் நடந்த கால் இது.

ஒரு ஐம்பது மீட்டர் தூரம் தனியாக இறங்கினேன். சத்தமே இல்லை நண்பர்களே. அத்தனை கூட்டத்தின் இரைச்சலும் எங்கோ போய்விட்டது. காதில் காற்று, காலடியில் 'ஸ்ஸ்' என்று ஒரு ஓசை. அந்தச் சில நொடிகளுக்காக இன்னொரு தடவை ஆயிரம் மைல் போகலாம்.

மேகி கடையில் இளைப்பாறும்போது வழிகாட்டியோடு பேச்சுக் கொடுத்தோம். பம்பாய் நண்பன் மொழிபெயர்த்தான். அந்த வருஷம் ஜனவரி முழுக்கப் பனியே விழவில்லையாம். காஷ்மீரில் குல்மார்க் சரிவுகளும் மொட்டையாகக் கிடந்த படத்தை அப்போது பேப்பரில் பார்த்திருப்பீர்கள். ஒரு மாதம் கட்டையைத் துடைத்து வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம் என்றார். அவருக்குப் பனி விழாவிட்டால் பட்டினி, எங்களுக்கு மழை விட்டால்தான் கஞ்சி!

அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது. பக்கத்து புருவா கிராமத்துப் பெண் ஆஞ்சல் தாக்கூர், 2018 ஜனவரியில் துருக்கியில் நடந்த பனிச்சறுக்குப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். இந்த விளையாட்டில் இந்தியாவுக்கு முதல் சர்வதேசப் பதக்கம் என்று நாடே கொண்டாடியது. எங்கள் ஊர் உப்பு என்றதும் அவர் இன்னொன்றும் சொன்னார். வெயிலில் பந்தயப் பாதை இளகிப்போனால் உப்புத் தூவி இறுக்குவார்களாம்! உப்பு பனியை உருக்கும் என்றுதானே படித்திருக்கிறோம்? கூட வந்த எங்கள் சார் விளக்கினார்: மேலாக உள்ள கொஞ்சம் பனி உப்பால் உருகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது, அடியில் இருக்கிற ஈரம் உறைந்து கெட்டியாகிறது.

மதியம் மேகம் விலகி வெயில் வந்தது. பளீர் என்று ஒரு வெளிச்சம்! குரூப் போட்டோவுக்காக எல்லாரும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றப் போனோம். வழிகாட்டி சத்தம் போட்டுத் தடுத்தார். நண்பன் மொழிபெயர்த்த வார்த்தை இது:

"வெறுங்கண்ணோட இருந்தா இப்ப ஒண்ணும் தெரியாதாம். ராத்திரி கண்ணுக்குள்ள மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்குமாம்."

எனக்குச் சுரீர் என்றது. இந்த வார்த்தையை நான் எத்தனை ராத்திரி கேட்டிருக்கிறேன்! "கண்ணுக்குள்ள மண்ணு கெடக்க மாதிரி இருக்குலே, கொஞ்சம் தண்ணி ஊத்து" என்று அம்மா சொல்வாள். ஒரு இலவச முகாமில் பார்த்த டாக்டர், இடது கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது என்றார். வயசாகிறது, அப்படித்தான் என்று நாங்கள் விட்டிருந்தோம்.

ஊருக்கு வந்ததும் நூலகத்தில் தேடிப் படித்தேன். சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை புதுப்பனி திருப்பி அடிக்கிறது. காய்ந்த கடற்கரை மணல் அடிப்பது சுமார் 15 சதவீதம்தான். அந்தக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது. பனிக்குருடு என்பது அதுதான். இரண்டொரு நாளில் ஆறிவிடும். ஆனால் வருஷக்கணக்கில் பட்டால் கண்ணில் சதை வளரும், புரை சீக்கிரம் வரும். உப்பும் வெள்ளைதானே? பாத்தித் தண்ணீரும் கண்ணாடி மாதிரிதானே? மேலே இருந்து ஒரு வெயில், கீழே இருந்து ஒரு வெயில். சோலாங்கில் ஒரு மணி நேரம் விளையாட வந்தவனுக்குக் கட்டையோடு கண்ணாடியும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இருபது வருஷம் வாறுகிறவளுக்குத் தலையில் கட்ட ஒரு துண்டுதான்... அதுவும் அவள் சொந்தத் துண்டு.

மணாலி பஜாரில் அம்மாவுக்குச் சால்வை வாங்க வைத்திருந்த காசில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்திருந்தேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "இதப் போட்டுட்டு அளத்துக்குப் போனா சினிமாக்காரி வாரான்னு சொல்லுவாவ." சொல்லவும் செய்தார்கள். கங்காணி கும்பிடு போட்டாராம்! வேர்வையில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை என்று இரண்டாம் நாளே கழற்றி வைத்துவிட்டாள். நான் பட்டறையில் வைத்துப் பக்கத் தடுப்பில் காற்றுப் போகச் சிறு துளைகள் போட்டு, காதுக்குப் பதில் தலையைச் சுற்றி எலாஸ்டிக் நாடா கட்டிக் கொடுத்தேன். அதற்கப்புறம் கழற்றவில்லை. வளர்ந்த சதை கண்ணாடியால் போகாது; அதை டாக்டர்தான் பார்க்க வேண்டும். ஆனால் ராத்திரி தண்ணி ஊற்றச் சொல்வது குறைந்திருக்கிறது. இப்போது கூட வேலை பார்க்கிற அக்காமார், "உன் மவன்ட்ட எனக்கும் ஒண்ணு கேளு" என்கிறார்கள்.

நண்பர்களே, நம் பாலிடெக்னிக்கில் உப்பளத்து வீட்டுப் பிள்ளைகள் நான் ஒருவன் மட்டுமா? கண்ணாடி கொடுக்க வேண்டியது வேலை வாங்குகிறவர்கள் பொறுப்பு. அதை நாம் கேட்கத்தான் வேண்டும். அதுவரை சும்மா இருக்க வேண்டுமா? ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெறும் கறுப்பு நிறம் போதாது. 'யூவி 400' என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருட்டில் கண்மணி விரிந்து கதிர் கூடுதலாகத்தான் உள்ளே போகும்.

அடுத்த டூருக்குப் பெயர் கொடுக்கும் ஒவ்வொருவரும் ஒரு கண்ணாடிக்கான காசையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று மாணவர் பேரவையில் பேசுங்கள். போய் நன்றாகச் சறுக்குங்கள், பவுடரில் விழுந்து எழும்புங்கள். திரும்பி வந்ததும் கண்ணாடிகளை என்னிடம் கொண்டு வாருங்கள். துளை போட்டு நாடா கட்டுகிற வேலை என்னுடையது.

- மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை