கயிறு பிடிக்க ஒரு கை

கொற்கை என்றதும் முத்தும் பாண்டியரும்தான் எல்லோருக்கும் நினைவு வரும். நாங்கள் குடியிருப்பது அந்தக் கொற்கையில்தான். ஒரு காலத்தில் துறைமுகமாக இருந்த ஊர் இது. இப்போது கடல் பல மைல் தள்ளிப் போய்விட்டது. சுற்றிலும் வயல், வாழை, பனை, இவ்வளவுதான். ஆனாலும் 2023 டிசம்பரில் தண்ணீர் எங்கள் வீடு தேடி வந்தது.

அந்த 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலும் அதில் இருந்த நூற்றுக்கணக்கான பயணிகளும் நடு வெள்ளத்தில் சிக்கியதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். என் கணவர் தூத்துக்குடியில் வேலையில் இருந்தார். வீட்டில் நானும் மகளும்தான். ராத்திரி கட்டிலிலிருந்து காலை இறக்கினால், முழங்கால் வரை தண்ணீர்! இருட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். இரண்டு ராத்திரி அங்கேயே இருந்தோம். டெலிபோன் வேலை செய்யவில்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

தண்ணீர் வடிந்தது. சேற்றை வாரிக் கொட்டினோம். எல்லோரும் பழையபடி வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் போகவில்லை.

முதலில் மேகத்தைப் பார்த்தால் மார்பு படபடக்கும். பிறகு மேகமே வேண்டியிருக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கும் சத்தம் போதும், கை விரலெல்லாம் மரத்துப்போய் மூச்சு முட்டும். இதோ செத்துவிடுவேன் என்று தோன்றும். ஏரல் சந்தைக்குப் போவதை நிறுத்தினேன். பிறகு கோயில், பிறகு தெருக்குழாய். கடைசியில் வாசற்படி தாண்டுவதே பெரிய காரியமாகிவிட்டது. போகாமல் இருந்துவிட்டால் அப்போதைக்கு ‘அப்பாடா’ என்றிருக்கும். அந்த ‘அப்பாடா’தான் மறுநாள் பயத்துக்குத் தீனி என்பது அப்போது எனக்குத் தெரியாது.

உறவுக்காரர்கள் சொல்லாத புத்தி இல்லை. “ஊருக்கெல்லாம் வந்த வெள்ளம்தானே, உனக்கு மட்டுமா வந்துச்சு?” என்றார் நாத்தனார். “மனச தைரியமா வச்சுக்க” என்றார்கள் எல்லோரும். தைரியம் டப்பாவில் போட்டா வைத்திருக்கிறேன், எடுத்து வைத்துக்கொள்ள?

கணவர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அந்த டாக்டரம்மா முதலில் ரத்தம், தைராய்டு, ஈ.ஸி.ஜி. எல்லாம் பார்க்கச் சொன்னார்கள். ரத்த சோகையிலும் தைராய்டு கோளாறிலும்கூடப் படபடப்பு வரும், மாதவிலக்கு நிற்கும் வயதிலும் வரும் என்று விளக்கினார்கள். எனக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. “இது பதற்ற நோய். இதயத்தில் கோளாறு இல்லை. ஆபத்து வந்தால் ஓடித் தப்பிக்க உடம்பு ஒரு மணி அடிக்கும். உங்களுக்கு அந்த மணி காரணமில்லாமல் அடிக்கிறது” என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடக் கற்றுத் தந்தார்கள். தினம் கொஞ்சம் வெளியே போய்ப் பழக வேண்டும், ஒளிந்தால் பயம் வளரும் என்றும் சொன்னார்கள்.

மாத்திரை படபடப்பைக் குறைத்தது. வெளியே போகத்தான் மனசு எழும்பவில்லை. ‘நாளைக்கு’ என்றே நாட்கள் ஓடின.

2024 மே மாதம் மகளுக்கு ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ரொம்ப நாள் ஆசை. ஒரு நாள் ராத்திரி அவள் தன் அப்பாவிடம் மெல்லச் சொல்வது என் காதில் விழுந்தது: “நான் தபால்ல படிக்கேம்ப்பா. அம்மைய யாரு பாத்துக்கிடுவா?”

தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். மறுநாள் காலை எழுந்து எல்லாம் செய்துவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். வாஸ்தவம் அதுவல்ல. மறுநாளும் படிவரை போய்விட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். பெற்ற பெண்ணுக்காகக்கூட என்னால் முடியவில்லையே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம்.

அந்த வாரம்தான் எதிர்வீட்டு ஆச்சி ஒரு கட்டு பனையோலையோடு வந்தார். அவர் மகன் வீட்டு மாடியில்தான் நாங்கள் வெள்ளத்தில் ஏறி நின்றது. ஆச்சி பிறந்தது மணப்பாடு. பனையோலைப் பெட்டிக்குப் பெயர்போன கடற்கரை ஊர். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும்.

“ஏளா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. இந்த ஓலையக் கொஞ்சம் கிழிச்சுத் தா” என்றார். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. என்ன செய்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. கிழித்துக் கொடுத்தேன். போகும்போது, “நாளைக்குப் பத்து மணிக்கு வாரேன். ஓலையத் தண்ணி தெளிச்சு ஈரத் துணியில சுத்தி வையி. காஞ்ச ஓலை ஒடிஞ்சு போகும்” என்றார்.

சகோதரிகளே, அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் காலையில் எழுப்பியது. எனக்காக எழச் சொன்னால் எழுந்திருக்க மாட்டேன். ஆச்சி வருவாரே, ஓலை காய்ந்துவிடுமே என்று எழுந்தேன். தினம் பத்து மணிக்கு வருவார். இரண்டு பேரும் பெட்டி முடைவோம். சில நாள் ஒரு பேச்சும் இருக்காது. நடுவில் எனக்குப் படபடப்பு வந்தால் ஆச்சி பதற மாட்டார். “முடைஞ்சதுல கண்ணு வையி. வந்த மாதிரியே போயிரும்” என்பார். ஐந்து பத்து நிமிஷத்தில் அடங்கும். கையில் பெட்டி ஒரு சுற்று வளர்ந்திருக்கும்.

ஒரு நாள் ஆச்சி அவர் அப்பாவைப் பற்றிச் சொன்னார். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தபோது கடலில் மூழ்கியவராம் அவர். அதற்குப் பிறகு அங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. காலுக்குக் கல்லும், சிப்பி அள்ள வலைப்பையும், மேலே வர ஒரு கயிறும்தான் அந்தக் காலத்தில் துணை. கீழே இருக்கிறவர் கயிற்றை அசைத்ததும் தோணியில் இருக்கிறவர் இழுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் உயிர் போய்விடும். அதனால் மச்சானைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்பது எங்கள் கரையில் சொல்லும் சொல். தன் அக்காள் தங்கை தாலி அவன் கையில் அல்லவா இருக்கிறது!

“எங்க ஐயாவுக்கு எங்க மாமாதான் கயிறு புடிச்சது” என்றார் ஆச்சி. “முங்குறவன்தான் தைரியசாலின்னு ஊரு சொல்லும். எங்க ஐயா சொல்லுவாரு, நான் தைரியத்துல முங்கல, மேல கயிறு இருக்குங்கிற நெனப்புல முங்குனேன்னு.”

எனக்குச் சட்டென்று விளங்கியது. தைரியம் வரட்டும், பிறகு படி தாண்டலாம் என்று நான் காத்திருந்தது எவ்வளவு தப்பு! அன்று ஆச்சியிடம் கேட்டேன்: “ஆச்சி, தெருக்குழாய் வரைக்கும் போறேன். நீங்க வாசல்ல நிப்பியளா?” நின்றார். போய் ஒரு குடம் பிடித்து வந்தேன். கால் நடுங்கி வழியெல்லாம் தண்ணீர் சிந்தியது. பாதிக் குடம்தான் வீடு வந்து சேர்ந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். மறு வாரம் முக்குக் கடை. பிறகு, ஊரில் இரண்டாயிரம் வயது என்று சொல்கிற வன்னி மரம் வரை. ஒரு படி பழகிய பிறகுதான் அடுத்த படி. சில நாள் பாதி வழியில் திரும்பியதும் உண்டு. மறுநாள் மறுபடி போவேன்.

மகள் ஹாஸ்டலில் சேர்ந்தாள். அவளை விட்டு வர நானும் பஸ்ஸில் போனேன். முழு வழியும் கைக்குள் ஒரு துண்டு ஓலையை வைத்துக்கொண்டிருந்தேன்.

அவள்தான் லீவில் வந்தபோது ஒரு விஷயம் படித்துக் காட்டினாள். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல டாக்டர் 2006-ல் ஒரு ஏற்பாடு செய்தாராம். ஊர்ப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களுக்கு வெளியே ஒரு மர பெஞ்சில் உட்கார வைத்தார். மனம் கலங்கி வருகிறவர்கள் அந்தப் பாட்டியோடு உட்கார்ந்து பேசுவார்கள். இந்த நோய்க்கு அவர்கள் பாஷையில் ‘அதிகமாக யோசிப்பது’ என்றே பெயராம். 2016-ல் வெளியான ஆய்வில், பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகக் குணம் தெரிந்ததாம். “நம்ம ஆச்சி மாதிரியேம்மா!” என்றாள்.

நம் நாட்டில் கோவாவிலும் டாக்டர் விக்ரம் படேல் குழுவினர் சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருப்பவர்களோடு பேச வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் இதைத்தான்: மனசு வந்த பிறகு வேலை என்று காத்திருக்காமல், சின்ன வேலையைத் தொடங்கு, மனசு பின்னால் வரும்.

2024 டிசம்பரில் மறுபடி கனமழை. மகள் ஹாஸ்டலில், அவர் வேலையில். பகல் பத்து மணிக்கு ஆச்சி வரவில்லை. மனசு கேட்காமல் குடையை எடுத்துக்கொண்டு நானே தெருவைத் தாண்டிப் போனேன். ஆச்சி கட்டிலில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

“எனக்கு மட்டும் பயம் இருக்காதாளா? மகனும் மருமகளும் வேலைக்குப் போயிட்டா நான் ஒத்தையிலதான கெடக்கேன். ஒன் வீட்டுக்குப் போகணுமேன்னுதான் காலையில எந்திக்கேன்” என்றார்.

இத்தனை நாளும் அவர் எனக்குக் கயிறு பிடிக்கிறார் என்றே நினைத்திருந்தேன். மறுமுனை என் கையில் இருந்தது எனக்குத் தெரியவில்லை! ஓலையை எடுத்து வந்தேன். மழை விடும்வரை முடைந்தோம். படபடப்பு எனக்கும் வந்தது. வந்த மாதிரியே போனது.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். டாக்டரிடம் இன்னும் போய் வருகிறேன். மாத்திரையை நானாக நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள். பக்கத்துணை என்பது வைத்தியத்துக்கு மாற்று ஆகாது. வைத்தியம் வரை நம்மைக் கொண்டு சேர்க்கும். பேச யாருமே இல்லை என்று தவிக்கிறவர்களுக்கு, 2022-ல் மத்திய அரசு ஆரம்பித்த ‘டெலி மனஸ்’ இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம்.

உங்கள் தெருவிலும் கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தி இருப்பாள். கைப்பிள்ளைக்காரியாக இருக்கலாம், பிள்ளைகளை வெளியூர் அனுப்பிவிட்டுத் தனியாக இருப்பவளாக இருக்கலாம். அவளிடம் புத்தி சொல்லப் போகாதீர்கள். ஆய வேண்டிய கீரையோ உரிக்க வேண்டிய வெங்காயமோ எடுத்துக்கொண்டு போய், “கொஞ்சம் ஒத்தாசை செய்யேன்” என்று உட்காருங்கள். கிளம்பும்போது, நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன நேரத்துக்குப் போய்விடுங்கள்.