பத்து இருக்கைகளைக் கழற்றிய கம்பெனி

ஓட்ட ஆள் கிடைக்காததால் விமானத்தின் இருக்கைகளையே கழற்றிய கம்பெனி ஒன்று அமெரிக்காவில் இருந்தது. பெயர் கிரேட் லேக்ஸ் ஏர்லைன்ஸ். சின்னச் சின்ன ஊர்களுக்கு 19 இருக்கை விமானங்களை விட்டுக்கொண்டிருந்தது.

2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் குடும்பத்தார் விடாமல் போராடினார்கள். அதன் பலனாக, அதுவரை 250 மணி நேரம் பறந்திருந்தாலே துணை விமானியாகலாம் என்றிருந்தது, 2013 முதல் பொதுவாக 1500 மணி என்றானது.

சிறிய கம்பெனிகள் திணறின. அனுபவம் சேர்ந்தவர்களைப் பெரிய கம்பெனிகள் இழுத்துக்கொண்டன. ஒன்பது இருக்கைக்கு மேல் போகாத விமானத்துக்கு விதி வேறு. அதனால்தான் கிரேட் லேக்ஸ் பத்து இருக்கைகளைக் கழற்றியது. அப்படியும் தாக்குப்பிடிக்கவில்லை, 2018 மார்ச்சில் சேவை நின்றது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். விழுந்த விமானத்தின் இரு விமானிகளுமே 1500 மணியைத் தாண்டியவர்கள்! வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது, மூக்கைத் தாழ்த்த வேண்டிய கேப்டன் மேலே தூக்கிவிட்டார்.

விதியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மணிக்கணக்கை எண்ணுவது சுலபம். ஆபத்தான அந்தச் சில நொடிகளுக்குக் கையைப் பழக்குவதுதான் கஷ்டம்.