மெர்சோ கேட்ட இரண்டு நாள் விடுப்பு

ஆல்பெர் காம்யுவின் ‘லெத்ரான்ழே’ 1942-இல் வெளிவந்த சிறிய நாவல். தமிழில் வெ. ஸ்ரீராம் ‘அந்நியன்’ என்று மொழிபெயர்த்திருக்கிறார். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்குப் பதினெட்டு வயதில் அதில் பிடித்தது இலக்கணம்தான் என்றால் சிரிப்பீர்கள். கதை எழுத ‘பாஸே சேம்ப்ள்’ என்ற இறந்தகாலம் வேண்டும் என்று எங்களை உருப்போட வைத்திருந்தார்கள். காம்யுவோ வீட்டில் பேசுகிற ‘பாஸே கொம்போஸே’யிலேயே எழுதிவிட்டார். குட்டிக் குட்டி வாக்கியங்கள். அகராதியே வேண்டாம்.

போன மாதம் மறுபடி படித்தேன். கடற்கரையும் துப்பாக்கியும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் வருடக்கணக்காக விடுப்பு விண்ணப்பங்களைப் பார்த்த குமாஸ்தாவின் கண் வேறு இடங்களில் நிற்கிறது. கதாநாயகன் மெர்சோவும் அல்ஜியர்ஸில் ஒரு குமாஸ்தாதானே! முதியோர் இல்லத்தில் அம்மா இறந்துவிட்டாள். இரண்டு நாள் விடுப்பு கேட்கிறான். முதலாளி முகம் சுளிக்கிறார். சனி, ஞாயிறு சேர்ந்தால் நான்கு நாள் ஆகிவிடுகிறதே என்ற கணக்கு. இந்த முகத்தை நான் பல நாற்காலிகளில் பார்த்திருக்கிறேன். அலுவலகத்தில் கை துடைக்கும் துண்டு சாயங்காலத்தில் நனைந்து கிடப்பதை அவன் சொல்லப்போக, அது அற்ப விஷயம் என்று முதலாளி ஒதுக்கிவிடுகிறார். காம்யு எந்த ஆபீஸில் உட்கார்ந்து இதைப் பார்த்தாரோ!

பிறகு ஒரு அரபுக்காரனைச் சுட்டுக் கொல்கிறான். நீதிமன்றத்தில் விசாரிப்பதோ, அம்மாவின் சாவுக்கு அவன் ஏன் அழவில்லை, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் எப்படிப் பால் காப்பி குடித்தான், சிகரெட் பிடித்தான் என்று.

இங்கே புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். என் அம்மா போனபோது நானும் அழவில்லை. பந்தல்காரனுக்குப் பணம், ஐயருக்குத் தட்சிணை, ஊரிலிருந்து வருகிறவர்களுக்குச் சாப்பாடு என்று ஓடிக்கொண்டிருந்தேன். கல்நெஞ்சுக்காரன் என்று ஒரு உறவினர் திண்ணையில் சொன்னது காதில் விழுந்தது. பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது?

சாட்சிகளில் பெரேஸ் என்று ஒரு கிழவர் வருகிறார். முதியோர் இல்லத்தில் அந்த அம்மாவின் தோழர். இறுதி ஊர்வலத்தில் காலை இழுத்துக்கொண்டு, வயல் வழியே குறுக்குப் பாதை பிடித்து ஓடி வந்து, கடைசியில் மயங்கி விழுந்தவர். மகன் அழுததைப் பார்த்தீரா என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறார். அழாமல் இருந்ததைப் பார்த்தீரா என்று வக்கீல் மடக்குகிறார். அதற்கும் இல்லை. தன் துக்கத்தில் அவர் எதையுமே பார்க்கவில்லை. பதினெட்டு வயதில் இந்தப் பெரேஸ் என் நினைவிலேயே தங்கவில்லை.

இத்தனை அமர்க்களத்தில் செத்தவனை யார் நினைத்தார்கள்? நாவல் முழுக்க அவனுக்குப் பெயர்கூட இல்லை. எங்கள் வகுப்பிலும் யாரும் கேட்டதில்லை. அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவுத் 2013-இல் கேட்டார். செத்தவனின் தம்பி கதை சொல்வதாக ஒரு நாவல் எழுதி, அவனுக்கு மூஸா என்று பெயரும் வைத்துவிட்டார். அதை வாங்கி அனுப்பும்படி பேரனிடம் சொல்லியிருக்கிறேன். எழுத்து பொடியாக இல்லாமல் இருக்க வேண்டும்.