பன்னிரண்டடிக் கொட்டகையும் ஒரு லென்ஸும்

வெதுருகுப்பத்தில் கரும்பு வெட்டு தொடங்குவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போதே அவர் தன் அண்ணனின் வெல்லக் கொட்டகைக்குள் டேப்பும் சாக்பீஸுமாகப் புகுந்துவிட்டார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வயது 65-ஐத் தாண்டிவிட்டது. நீளம் 22 அடி, அகலம் 12 அடி என்று சுவரிலேயே எழுதினார். முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, கண்ணிலிருந்து எதிர்ச் சுவர் வரை அளந்தால் 10 அடி. அந்தப் பத்தடிதான் அவரை அடுத்த ஐந்து வாரங்களுக்குத் தூங்கவிடவில்லை.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே, தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் கைகோர்த்துக்கொள்ளும் பகுதி இது. 'வெதுரு' என்றால் தெலுங்கில் மூங்கில். மூங்கிலைவிடக் கரும்பாலும், கரும்பில் காய்ச்சிய பெல்லத்தாலும் பெயர்பெற்றது இந்தச் சீமை. இப்போது தண்ணீரும் ஆளும் கிடைக்காமல் பல கழனிகள் மாந்தோப்புகளாகிவிட்டன. அண்ணனும் அந்த முடிவுக்கு வந்தார். "இந்தத் தைதான் கடைசிடா. அடுத்த ஆடியில தோத்தாபுரிக் கன்னு வெச்சிடறேன்" என்று சொன்னபோது, தம்பி கேட்டது ஒன்றே ஒன்று: "காய்ச்சறப்ப ஒரு போட்டோ எடுத்துக்கறேண்ணா."

"இந்தத் தடவையாவது என்னை வெட்டாம எடுப்பியா?" என்றார் அண்ணன்.

இது வேடிக்கைப் பேச்சல்ல. முழுக் கோபமும் அல்ல. சிங்கப்பூரில் வேலை பார்த்த தாய்மாமன் 1970-களில் கொடுத்துவிட்டுப் போன லைக்கா எம்3 கேமராவில், 1978-இல் இதே கொட்டகையில் தம்பி எடுத்த படம் ஒன்று வீட்டில் மாட்டியிருக்கிறது. கொப்பரைக்கு முன்னால் துடுப்போடு அப்பா. படத்தின் வலது ஓரத்தில் ஒரு முழங்கை. அந்த முழங்கை அண்ணனுடையது. மூன்று வருடத்தில் அப்பா போய்விட்டார். அப்பாவும் அண்ணனும் சேர்ந்து வேலை செய்ததற்கு அந்த முழங்கையைத் தவிர வேறு சாட்சி இல்லை. கல்யாணம், காதுகுத்து எது நடந்தாலும் அண்ணன் யாரிடமாவது அந்தப் படத்தைக் காட்டி, "அது நான்தான்" என்பார்.

தவறு தம்பியுடையது மட்டுமல்ல. கேமராவோடு வந்தது 50 மில்லிமீட்டர் லென்ஸ். பத்தடி தூரத்தில் அதற்குள் அடங்குவது சுமார் ஏழடி அகலம். பின்னால் போக இடம் இருந்தால் அது குறையே அல்ல. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில், ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலைக்கு வந்திருந்தார். தன் வாழ்நாளில் பெரும்பாலான படங்களை அவர் லைக்காவில், ஐம்பதிலேயே எடுத்தார். ஆனால் வெல்லக் கொட்டகையில் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிறது.

கணக்கு எளிது. ஃபிலிம் கட்டத்தின் அகலம் 36 மில்லிமீட்டர். அதை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்துப் பத்தடியால் பெருக்கினால், லென்ஸ் எவ்வளவு பார்க்கும் என்று தெரிந்துவிடும். 28 மி.மீ. லென்ஸுக்கு 13 அடி. 21-க்கு 17 அடி. 15-க்கு 24 அடி. கொட்டகையின் நீளமோ 22.

கணக்கோடு நிறுத்திக்கொள்ளாமல், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 12-க்கு 8 சென்டிமீட்டர் அளவில் ஒரு ஜன்னல் வெட்டினார். அதைக் கண்ணிலிருந்து 7 சென்டிமீட்டரில் பிடித்தால் 21 மி.மீ. பார்வை; 5 சென்டிமீட்டரில் பிடித்தால் 15 மி.மீ. பார்வை. காசு செலவில்லாத இந்த வித்தையை யாரும் செய்துபார்க்கலாம். லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் அவசியம் செய்ய வேண்டும்.

கொட்டகையின் இடது கோடியில் அடுப்பு வாய். அங்கே முப்பது வருடமாகச் சக்கை தள்ளும் பெரியவர் உட்கார்ந்திருப்பார். நடுவில் கொப்பரை, பாகின் பதம் பார்க்கும் அண்ணன். வலது கோடியில் சூடு ஆறுவதற்குள் வெல்லம் பிடிக்கும் அண்ணி. அட்டையை 7 சென்டிமீட்டரில் பிடித்து இடதுபக்கம் திரும்பினால் அண்ணி இல்லை. வலதுபக்கம் திரும்பினால் பெரியவர் இல்லை. நேராகப் பார்த்தால் இருவருமே பாதிப் பாதி. இன்னும் இரண்டு முழங்கைகள்! 5 சென்டிமீட்டரில் எல்லாரும் வந்துவிட்டார்கள். கூடவே தன் கால் கட்டைவிரலும் தெரிந்தது.

21-ஐ அவ்வளவு லேசில் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. லைக்கா போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களின் பெருமையே அதில்தான் இருக்கிறது. எஸ்.எல்.ஆர். கேமராவில் ஃபிலிமுக்கு முன்னால் ஒரு கண்ணாடி மேலும் கீழும் அசைய வேண்டும். அதற்கு இடம்விட, அகலக் கோண லென்ஸைப் பருமனாகவும் சுற்றுவழியாகவும் வடிவமைக்க வேண்டியிருக்கிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கண்ணாடி கிடையாது. லென்ஸின் பின்பக்கம் கிட்டத்தட்ட ஃபிலிமையே தொடும் அளவுக்கு உள்ளே போகலாம். லுட்விக் பெர்டெலே 1950-களில் கான்டாக்ஸ் கேமராவுக்கு வடிவமைத்த 21 மி.மீ. பயோகான் அந்த வழியில் வந்தது. ஷ்னைடர் நிறுவனம் லைக்காவுக்காக 1958-இல் எஃப்/4 அளவிலும், 1963-இல் எஃப்/3.4 அளவிலும் செய்துகொடுத்த சூப்பர்-ஆங்குலானும் அதே வழிதான். கோடுகள் வளையாது, உள்ளங்கையில் அடங்கும். ழான்லூ சியெஃப் 21 மி.மீ. பார்வையைத் தன் கையெழுத்து போலவே ஆக்கிக்கொண்டார்.

அப்படி ஒரு சூப்பர்-ஆங்குலான் சென்னையில் ஒருவரிடம் விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு ரயிலேறினார். பின்பக்கக் கண்ணாடி நீண்டு நிற்பதால், உள்ளே ஒளிமானி வைத்த பிற்கால லைக்காக்களில் அது அளவீட்டை மறைத்துவிடும். எம்3-இல் ஒளிமானியே இல்லை என்பதால் அவருக்கு அந்தக் கவலை இல்லை. டார்ச் விளக்கை லென்ஸுக்குள் சாய்த்து அடித்துப் பார்த்தார். சிலந்தி நூல் போல் பூஞ்சை. கடற்கரை ஊரில் அலமாரியில் தூங்கும் லென்ஸுகளின் பொதுவான வியாதி. விலையைக் குறைக்கிறேன் என்றார் விற்பவர். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார்.

மிச்சம் இருந்தது 15. ஜெய்ஸின் ஹோலோகான் என்றொரு 15 மி.மீ. லென்ஸ் 1970-களில் லைக்காவுக்குக் கிடைத்தது. துளை அளவு எஃப்/8-இலேயே நிலையாக நிற்கும். ஓரங்கள் இருட்டிவிடுவதால், நடுவில் கருமையான தனி ஃபில்டர் ஒன்றை மாட்டிச் சரிக்கட்ட வேண்டும். சேகரிப்பாளர்கள் பூட்டிவைக்கும் பொருள். வாத்தியார் ஓய்வூதியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாமானியர்களுக்கு அந்தக் கோணத்தைத் திறந்துவிட்டது ஜப்பானின் கோசினா நிறுவனம். வியன்னாவில் 1756-இல் தொடங்கிய ஃபோக்ட்லேண்டர் என்ற பழம்பெயரில், 1999-இல் அது 15 மி.மீ. எஃப்/4.5 சூப்பர் வைட்-ஹெலியாரை வெளியிட்டது. பார்வைக் கோணம் 110 டிகிரி. எடை சுமார் 100 கிராம், ஒரு கொய்யாப்பழம் அளவு. அடுத்து வந்த 12 மி.மீ. லென்ஸ் 121 டிகிரி பார்க்கும். அது வேண்டவே வேண்டாம் என்று வாத்தியாரே தள்ளிவிட்டார். கொட்டகைக்கு வெளியே கட்டியிருக்கும் எருமையைப் படம் பிடிக்கும் உத்தேசம் அவருக்கு இல்லை.

பழைய 15-இல் கஷ்டங்கள் உண்டு. திருகு மரை லென்ஸ் என்பதால் எம்3-இல் மாட்ட ஒரு வளையம் வேண்டும். கேமராவின் ஜன்னலில் அதன் எல்லை தெரியாது. மேலே தனிக் குட்டி வியூஃபைண்டரைச் செருகிப் பார்க்க வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டரோடு அதற்கு இணைப்பே கிடையாது, தூரத்தை உத்தேசமாகத்தான் வைக்க வேண்டும். ஆனால் 15 மி.மீ.க்கு அது பெரிய தொல்லை அல்ல. எஃப்/8 வைத்து ஒரு மீட்டரில் நிறுத்திவிட்டால், அரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவு.

உண்மையான தொல்லை முகங்கள். இவ்வளவு அகலக் கோணத்தில் நேர்கோடு நேர்கோடாகவே இருக்க வேண்டுமானால், ஓரத்தில் இருக்கும் உருண்டைப் பொருள் பக்கவாட்டில் இழுபடும். 22 அடிக் கொட்டகையின் கோடியில் உட்கார்ந்தவரின் தலை, உயரத்தைவிட அகலத்தில் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். நடுவில் நிற்பவரோ பொம்மைபோல் சிறுத்துவிடுவார். அதாவது அண்ணன் சின்னதாவார். அண்ணியும் பெரியவரும் பூசணிக்காய் ஆவார்கள். யாரையும் வெட்டாமல் இருப்பதற்கு இதுதான் விலை.

"தாத்தா, என் போன்லயே பாயின்ட் ஃபைவ் இருக்கே?" என்றான் அண்ணனின் பேரன். நியாயமான கேள்வி. போனில் அவனும் எடுக்கட்டும் என்றார். 1978-ஆம் வருடத்து நெகட்டிவ் ஒன்று அவரிடம் இருக்கிறது. அதன் பக்கத்தில் வைக்க இன்னொரு நெகட்டிவ் வேண்டும் என்பதை அவனுக்கு விளக்க அவர் முயலவில்லை. உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ஃபிலிமே இல்லாமற்போன காலத்தில், இறக்குமதியான 36 ஷாட் சுருள் ஒன்றைக் கூரியரில் வரவழைத்தவரிடம் நியாயம் எடுபடாது.

லென்ஸ் பழையதாகவே, ஆனால் பூஞ்சை இல்லாமல் கிடைத்தது.

தை மாதம், விடியற்காலை. பனிக்குளிரிலிருந்து கொட்டகைக்குள் நுழைந்ததும் லென்ஸில் ஆவி படிந்துவிட்டது. துடைத்தால் மறுபடி படிந்தது. கேமராவும் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும் என்பது பள்ளிக்கூட விஞ்ஞானம். கணக்கு வாத்தியார் அதை மறந்திருந்தார். முதல் ஆறு படங்கள் வெறும் பால்வெள்ளை. பிறகு கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தைக் கேமராவின் மேல் வைத்து நேர்பார்த்தார். இந்த லென்ஸை இம்மி சாய்த்தாலும் கொட்டகைத் தூண்கள் கூடாரம்போல் மேலே கூடிவிடும். வெளிச்சம் போதாமல் துளையை எஃப்/4.5-க்குத் திறந்து, வேகத்தை ஒரு விநாடியில் 15-இல் ஒரு பங்காக வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். அண்ணியை மூன்றடி உள்ளே நகர்ந்து உட்காரச் சொன்னார். பெரியவரை நகர்த்த முடியாது, அடுப்பு நகராது.

"இப்ப நான் இருக்கேனா?" என்று கொப்பரைப் பக்கத்திலிருந்து மூன்று தரம் கேட்டார் அண்ணன்.

குளியலறையில் வைத்து ஃபிலிமை அவரே கழுவினார். ஒரு படத்தில் அவருடைய விரல், நான்கில் செருப்பு. தேறியவை ஐந்து. அதில் ஒன்றைப் பிரின்ட் போட்டு எடுத்துப் போனார்.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பெரியவரின் தலை பக்கவாட்டில் வீங்கியிருந்தது. அண்ணி பரவாயில்லை. நடுவில், ஆவிக்குள், தலை முதல் கால் வரை முழுசாக, கட்டைவிரல் உயரத்தில் அண்ணன்.

"இத்துணூண்டா இருக்கேன்."

"முழுசா இருக்கேண்ணா."

அண்ணன் படத்தில் கொப்பரையின் முன்பக்கத்தை, தரை காலியாகத் தெரிந்த இடத்தை விரலால் தொட்டார். "அப்பா இங்கதான் நிப்பாரு." பிறகு மூன்று பிரதி கேட்டார், ஒன்று பெரியவருக்கு. லென்ஸ் என்ன விலை என்றும் கேட்டார். தம்பி பாதி விலையைத்தான் சொன்னார். அதற்கே அண்ணன், "அந்தக் காசுக்கு எத்தனை மாங்கன்னு வரும் தெரியுமா?" என்றார்.